மெஷின் லேர்னிங்குக்கு இனிமே பேட்டன்ட் கிடைக்காதா? பெடரல் சர்க்யூட் தீர்ப்பு பத்தி ஒரு சந்தேகம்

ராத்திரிகோடர்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கால ஒரு குட்டி ஸ்டார்ட்அப்ல இருக்கேன், மொத்தமே ஒம்பது பேரு. டெலிவரி வண்டிக்கு ரூட் போட்டுக் குடுக்குற மாடல் ஒண்ணு பண்ணிருக்கோம், அதுக்கு பேட்டன்ட் போடலாம்னு அட்டர்னிகிட்ட போனா மனுஷன் "ரீசென்டிவ் கேஸுக்கு அப்புறம் இதெல்லாம் கஷ்டம்பா"ன்னு ஒத்த வரில முடிச்சிட்டாரு, சரின்னு நானே உக்காந்து பெடரல் சர்க்யூட் தீர்ப்பெல்லாம் தேடினா ஒரு பக்கம் பேட்டன்ட், ஒரு பக்கம் டிரம்ப் டாரிஃப், இன்னொரு பக்கம் மாஜி ராணுவத்தினர் சலுகைன்னு வருது, இதெல்லாம் ஒரே கோர்ட்டா இல்ல நான்தான் தப்பா தேடுறேனா? நிஜமாவே எம்எல்லுக்கு (மெஷின் லேர்னிங்தான்) கதவ சாத்திட்டாங்களா? படிச்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

குறிப்புக்காரி:
ஒரே கோர்ட்தான் தம்பி, நீ தப்பா தேடல. மத்த அப்பீல் கோர்ட்டெல்லாம் ஏரியா வச்சு பிரிச்சது, 1982ல வந்த இது மட்டும் சப்ஜெக்ட் வச்சு. டெலவேர்ல தோத்தாலும் டெக்சாஸ்ல தோத்தாலும் பேட்டன்ட் அப்பீல் வாஷிங்டன்ல இவங்க முன்னாடிதான் வந்து நிக்கணும். சர்வதேச வர்த்தக கோர்ட் அப்பீலும் இவங்களுக்குத்தான், அதனாலதான் 2025 ஆகஸ்ட் 29ல டாரிஃப் கேஸ் வந்துச்சு, 1977 அவசரகால சட்டத்த வச்சு அந்த வரி போட முடியாதுன்னு 7-4ல சொன்னாங்க. அப்புறம் அது சுப்ரீம் கோர்ட் போச்சு, அது உனக்கு வேணாம்.

உன் விஷயத்துக்கு வரேன். ரீசென்டிவ்ங்கற கம்பெனி எதிர் ஃபாக்ஸ் டிவி, 2025 ஏப்ரல் 18. நாலு பேட்டன்ட். ரெண்டு, லைவ் ஈவென்ட் எப்ப எங்க வைக்கலாம்னு எம்எல் வச்சு ஷெட்யூல் போடுறது. மத்த ரெண்டு, எந்த ஊர் டிவில எந்த புரோக்ராம் ஓடணும்னு மேப் போடுறது. ரீசென்டிவ் என்ன பண்ணுச்சுன்னா, "நாங்க எம்எல்லயே கண்டுபிடிச்சோம்னு சொல்லல, இந்த வேலைக்கு முதல்ல யூஸ் பண்ணது நாங்கதான்"ன்னு தானே ஒத்துக்கிச்சு. அங்கயே கேஸ் முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கோயேன். தெரிஞ்ச முறைய புது டேட்டால ஓட்டினா அது செக்‌ஷன் 101ல (எதுக்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்கும்னு சொல்ற சட்டப் பிரிவு) நிக்காதுன்னுட்டாங்க. "திரும்பத் திரும்ப ட்ரெயின் பண்றோம், டேட்டா மாறினா அதுவே மாத்திக்குது"ன்னாங்க, அதுக்கு கோர்ட், எம்எல்னாலே அதான, இதுல நீ செஞ்சது என்னன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். ஆனா எம்எல் எதுக்குமே கிடையாதுன்னு அவங்க சொல்லல, டெக்னாலஜில நிஜ முன்னேற்றம் இருந்தா வழி இருக்குன்னு அதே தீர்ப்புலயே எழுதிருக்காங்க, அத யாரும் படிக்கிறதில்ல.

வாதாடாதவன்:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. 2025 செப்டம்பர்ல பேட்டன்ட் ஆபீஸோட மேல் பேனல் டெஸ்ஜார்டின்ஸ்னு ஒரு முடிவு குடுத்துச்சு. புது வேலை கத்துக்கும்போது மாடல் பழசை மறந்துடக் கூடாது, அதுக்கு ஒரு ட்ரெயினிங் முறை, இதுதான் அப்ளிகேஷன். 101ன்னு சொல்லி போட்டிருந்த ரிஜெக்‌ஷனை பேனல் தூக்கிடுச்சு, நவம்பர்ல அத முன்னுதாரணமாவும் ஆக்கிட்டாங்க. இந்த மாடல் தன் வேலையவே நல்லா செய்யுதுங்கறதுதான் பாயின்ட். ஆனா ஒண்ணு, ஆபீஸ் என்ன வழிகாட்டுதல் போட்டாலும் பெடரல் சர்க்யூட் அதுக்கு கட்டுப்படாது. அதனால பேட்டன்ட் கைல வந்துட்டா ஜெயிச்சாச்சுன்னு துள்ளாதீங்க.

சும்மா_வந்தவன்:
பேட்டன்ட் வாங்கி கோடி கோடியா பாக்கலாம்னு உங்க பாஸ் கனவு கண்டா ஈகோஃபேக்டர் எதிர் கூகுள் தீர்ப்பையும் காட்டுங்க ப்ரோ, 2025 மே 21, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் கேஸ், ஜூரி ஈகோஃபேக்டருக்கு 2 கோடி டாலர் குடுத்துச்சு, பெடரல் சர்க்யூட் முழு பெஞ்ச் 8-2ல அத தூக்கிட்டு நஷ்டஈட்ட மட்டும் திரும்ப விசாரிக்க சொல்லிடுச்சு. ஏன்னா ஈகோஃபேக்டரோட எக்ஸ்பர்ட் சாட்சி, பேட்டன்ட்டை யூஸ் பண்ண மத்த கம்பெனிங்க ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னாரு, ஒப்பந்தத்த பிரிச்சுப் பாத்தா மொத்தமா ஒரு தொகைதான் குடுத்துருக்காங்க, அந்த ரேட் நியாயம்னு 'நம்புறது' ஈகோஃபேக்டர் மட்டும்தான். வித்தவன் நெனச்சத வாங்கினவன் தலைல கட்டினா எப்படி.

ராத்திரிகோடர்:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, ப்ரோஸ். ஒரு டவுட்டு. நாங்க வெறும் ரூட் மட்டும் போடல. புது ஊர் டேட்டா ஏத்தும்போதெல்லாம் பழைய ஊர் ரூட் கெட்டுப் போய்ட்டே இருந்துச்சு, மாசக்கணக்கா மண்டைய உடைச்சு மாடலுக்குள்ள எந்த வெயிட்டை (அது கத்துக்கிட்டத வச்சிருக்குற எண்கள்) எவ்ளோ அசைக்கலாம்னு ஒரு கணக்கு கண்டுபிடிச்சோம், அதுக்கப்புறம்தான் ஒரே மாடல்ல எல்லா ஊரும் ஓடுது. அட்டர்னிகிட்ட இத சொல்லவே இல்ல, டெலிவரி வேகமாகுதுன்னு மட்டும்தான் ஸ்லைடு காமிச்சோம்.

வாதாடாதவன்:
அடப்பாவி, சொல்ல வேண்டியத விட்டுட்டு வந்துருக்கீங்களே!

குறிப்புக்காரி:
தம்பி, அந்த கணக்குதான் உன் சொத்து. அத கிளெய்ம்லயே, அதாவது எதுக்கு உரிமை கேக்குறோம்னு எழுதுற பகுதிலயே, எழுதச் சொல்லு, விளக்கத்துல மட்டும் போட்டு கிளெய்ம்ல "மாடலை ட்ரெயின் பண்ணி ரூட் தருவது"ன்னு நிறுத்திட்டா திரும்ப ரீசென்டிவ் கதைதான். எப்படி பண்றோம்ங்கறது கிளெய்ம்ல இருக்கணும், அந்த நாலு பேட்டன்ட்லயும் இல்லாதது அதுதான். எவ்ளோ மெமரி மிச்சம், பழைய ஊர்ல தப்பு எவ்ளோ குறைஞ்சுது, டெஸ்ட் ரிசல்ட் இருந்தா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. ஆமா, இத கஸ்டமர் யாருக்காவது காமிச்சு விலை கிலை பேசினீங்களா? பேசிருந்தா அன்னைலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள ஃபைல் பண்ணியாகணும்.

ராத்திரிகோடர்:
ஐயோ. பத்து மாசம் ஆச்சு அக்கா. நாளைக்கு காலைலயே அட்டர்னிக்கு போன் போடுறேன்.