ஹிஸ்டரி ஆனர்ஸ்: ரீடிங்ஸ் படிக்கணுமா, நோட்ஸ் போதுமா?

மயூர்விஹார்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இந்த வருஷம் தில்லிப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. ஆனர்ஸ் ஹிஸ்டரி சேர்ந்திருக்கா. நார்த் கேம்பஸ் காலேஜ். முதல் வாரமே மூணு கோர் பேப்பருக்கும் ரீடிங் லிஸ்ட் குடுத்துட்டாங்க. ஒவ்வொரு கட்டுரையும் இருபது, முப்பது பக்கம். சீனியர்ஸ் என்னடான்னா, "அதெல்லாம் யாரும் தொட மாட்டாங்க, கமலா நகர்ல நோட்ஸ் கிடைக்கும், பழைய கேள்வித்தாளோட சேர்த்துப் போட்டா போதும்"ங்கறாங்களாம். இங்கிலீஷ் படிப்பா, வேகம் கம்மி. எங்க வீட்டுல எல்லாரும் காமர்ஸ், இன்ஜினியரிங். வழி சொல்ல ஆளில்ல. எது சரி?

ஆர்கேபுரம்
நோட்ஸ் போதும் மேடம். சும்மா சொல்லலை, கணக்கைப் பாருங்க.

ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். கோர் மூணு பேப்பர், தலா 4. ஜி.இ. (வேற துறையிலேர்ந்து எடுக்கற பேப்பர்) ஒண்ணு, அதுவும் 4. ஏ.இ.சி., எஸ்.இ.சி., வி.ஏ.சி.னு மொழி, திறன், மதிப்புக்கூட்டல் சார்ந்த சின்னப் பேப்பர் மூணு, தலா 2. ஆக மொத்தம் ஏழு பேப்பர். மயூர் விஹார்லேர்ந்து ப்ளூ லைன் பிடிச்சு, ராஜீவ் சௌக்ல மாறி விஸ்வவித்யாலயா இறங்கறதுன்னா, வீட்டு வாசல்லேர்ந்து கிளாஸ் வரைக்கும் போக வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல போயிடும். மிச்ச நேரத்துல அந்தக் கட்டுரை எல்லாத்தையும் வரி வரியாப் படிக்கிற பிள்ளை யாரு?

கோர் பேப்பருக்கு மொத்தம் 160 மார்க். அதுல எழுத்துத் தேர்வு 90தான். இன்டர்னல் 30, டியூடோரியலை (சின்னக் குழு வகுப்பு) வெச்சுப் போடற தொடர் மதிப்பீடு 40. திருத்தற ஆள் ஒரு பேப்பருக்கு ஒதுக்கற நேரம் சில நிமிஷம். உட்தலைப்பு, நாலு வரலாற்றாசிரியர் பேரு, தெளிவான கையெழுத்து, இதைத்தான் பார்ப்பாங்க. எம்.ஏ. சேர சி.யு.இ.டி. பி.ஜி.ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும், அது 75 கேள்வி, எல்லாமே நாலுல ஒண்ணைத் தேர்வு பண்றது. அங்கயும் பர்டன் ஸ்டைன் மாதிரி ஒரு வரலாற்றாசிரியர் எப்படி வாதம் பண்ணினார்னு யாரும் கேட்கப் போறதில்ல.

விஜய்நகர்
கணக்கு சரி, முடிவு தப்பு. நோட்ஸ்ல என்ன கெடுதல்னு ஒரே உதாரணத்துல காட்டறேன். சோழ அரசின் தன்மை, இந்திய வரலாற்றுத் தாள்ல கட்டாயம் வர்ற தலைப்பு.

இதைப் பத்தி எழுதின மூணு வரலாற்றாசிரியர்களை நோட்ஸ்ல இப்படிச் சுருக்கியிருக்கும்: "நீலகண்ட சாஸ்திரி: மையப்படுத்தப்பட்ட அரசு. பர்டன் ஸ்டைன்: கூறுநிலை அரசு, மன்னனுக்கு அதிகாரம் இல்லை. கராஷிமா: ஸ்டைனை மறுத்தார்." மூணு வரி. நடு வரி பிழை. மன்னனுக்கு அதிகாரமே இல்லைன்னு ஸ்டைன் சொல்லலை. காவிரிப் படுகை மையப் பகுதியில மட்டும்தான் மன்னனோட அரசியல் அதிகாரம் நேரடியா ஓடிச்சு, அதுக்கு வெளியில இருந்தது சடங்கு சார்ந்த மேலாண்மை, அப்படின்னு ரெண்டாப் பிரிச்சார். அந்த மாதிரியை அவர் எடுத்தது மானிடவியலாளர் எய்டன் சவுத்தால் உகாண்டாவில ஆலூர் மக்களைப் பத்திச் செஞ்ச ஆய்வுலேர்ந்து. இது தெரிஞ்சாத்தான், ஆப்பிரிக்கச் சமூகம் ஒண்ணுக்காகச் செஞ்ச அச்சுல, வரி வாங்கி, கல்வெட்டு வெட்டி, கடல் கடந்து படை அனுப்பின ராஜ்ஜியத்தை வார்க்க முடியுமாங்கற கேள்வியே உங்க பொண்ணுக்கு வரும்.

கராஷிமா மறுத்தார், சரி. எதை வெச்சு மறுத்தார்? கல்வெட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்து, வரிச் சொற்களையும் அதிகாரிகள் பட்டப்பெயரையும் எண்ணிப் பட்டியல் போட்டார். கல்வெட்டு ஆய்வாளர் எ. சுப்பராயலுவும் அந்த வழிதான். நில அளவை நடந்தது, முதலாம் ராஜராஜன் காலத்துல நாடுகளுக்கு மேல வளநாடுன்னு புதுப் பிரிவு போட்டது, புரவுவரித் திணைக்களம்னு நில வரிக்குத் தனித் துறை இருந்தது, இதெல்லாம் சான்று. நோட்ஸ் படிச்ச பொண்ணு கையில முடிவு மட்டும் இருக்கும், சான்று இருக்காது. 'எந்த அளவுக்கு ஏற்கலாம்'னு கேள்வி வந்தா மூணு பேர் கருத்தையும் வரிசையா ஒப்பிச்சிட்டு எழுந்து வரும். மார்க் போறது அங்கதான்.

ஆர்கேபுரம்
நீங்க சொல்றது நல்லா வர்ற பத்துப் பேருக்கு. மீதி நாப்பது பேருக்கு அந்த மூணு வரியே பாஸ் போடும். சுமாரா இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளைக்கு ஸ்டைனோட நடை என்ன பாடு படுத்தும் தெரியுமா? அரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம். அதுல மாட்டிக்கிட்டு மத்த ஆறு பேப்பரைக் கோட்டை விடணுமா?

விஜய்நகர்
முழுசாப் படிக்கச் சொல்லவே இல்லையே! ஒரு தாளுக்கு எட்டுக் கட்டுரை தேர்ந்தெடுத்தா, மூணு தாளுக்கு 24. பதினாலு வாரத்துல வாரத்துக்கு ரெண்டுகூட வராது. ஒரு கட்டுரைக்கு ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வேணாம்.

முறை இது: முதல் ரெண்டு பக்கமும் கடைசி ரெண்டு பக்கமும் நிதானமா. அப்புறம் உட்தலைப்பு ஒவ்வொண்ணுக்கும் கீழ முதல் பத்தி. அதுக்கப்புறம் அடிக்குறிப்பு. எல்லாரும் தாண்டற இடம் அது, ஆனா ஆசிரியர் யாரோட சண்டை போடறார்னு அங்கதான் பேரோட இருக்கும். கடைசியா ஒரே ஒரு தாள் எடுத்து நாலு கட்டம்: வாதம் என்ன (ரெண்டு வரி, சொந்த வார்த்தையில), சான்று என்ன (மூணு, பக்க எண்ணோட), யாரை மறுக்கறார், எங்க இடிக்குது. நாலாவது கட்டம் காலியா இருந்தா கட்டுரை இன்னும் புரியலைன்னு அர்த்தம். மஞ்சள் மார்க்கர் வேண்டவே வேண்டாம். பக்கம் முழுக்க மஞ்சளாகும், மண்டையில ஒண்ணும் நிக்காது.

செமஸ்டர் முடிவுல 24 தாள் கையில இருக்கும். அதுதான் நோட்ஸ். காசு குடுத்து வாங்கறதும் அதேதான், ஆனா நாலு கை மாறித் தேஞ்சு போனது.

லோதிரோடு
மொழி பத்தி ஒரு விஷயம். கேள்வித்தாள் மேலயே போட்டிருக்கும்: விடை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம், ஆனா தாள் முழுக்க ஒரே மொழி. தமிழ்ல எழுத வழி இல்ல. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால ஆங்கிலம்தான். ஆனா புரிஞ்சுக்கறது எந்த மொழியிலயும் இருக்கலாம். சோழர் பத்தின சாஸ்திரியோட பெரிய நூல் தமிழ்லயும் வந்திருக்கு. முதல்ல தமிழ்ல ஓட்டிட்டு ஆங்கிலக் கட்டுரைக்குப் போனா பாதி பாரம் குறையும்.

நம்ம பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதுலயே ஒரு குழியும் உண்டு. ஊர், சபை, நகரம், நாடு. எல்லாம் நாளும் பேசற சொல். ஆனா கல்வெட்டுல 'நாடு'ன்னா தேசம் இல்ல, சில வேளாண் ஊர்கள் சேர்ந்த தொகுதி. 'ஊர்' வேளாளர் கிராமத்தோட அவை. 'சபை' பிரமதேயத்தில, அதாவது பிராமணருக்குத் தானமாக் குடுத்த ஊர்ல, பிராமணர் அவை. 'நகரம்' வணிகர் அவை. தெரிஞ்ச சொல்தானேன்னு இன்றைய அர்த்தத்துல எழுதினா விடை முழுக்கக் கோணிப் போகும். இந்திக்காரப் பிள்ளைக்கு அந்தச் சொல் புதுசு, அதனால அது ஜாக்கிரதையா இருக்கும்.

ஆர்கேபுரம்
இது நல்ல குறிப்பு சார். ஆனா அடிப்படைக் கேள்விக்குப் பதில் வரலை. பரீட்சை ஹால்ல நேரம் போதாம முழிக்கிறவங்கள்ல கட்டுரை படிச்ச பிள்ளைகளும் உண்டு. நிறையத் தெரியும், அதனால முதல் கேள்விக்கே ஒரு மணி நேரம். கடைசிக் கேள்விக்கு அரைப் பக்கம். நோட்ஸ் படிச்ச பிள்ளை எல்லாத்தையும் அளவா எழுதிட்டு வரும். இதை மறுக்க முடியுமா?

விஜய்நகர்
மறுக்கலை. அது ரீடிங்கோட குறை இல்ல, எழுதிப் பழகாததோட குறை. மூணு மணி நேரம். நாலு கேள்வின்னா தலா 45 நிமிஷம், அஞ்சுன்னா 36. பேப்பருக்குப் பேப்பர் மாறும், முதல்ல மேல என்ன போட்டிருக்குன்னு பார்க்கணும். 45ல் அஞ்சு நிமிஷம் ஓரத்துல திட்டம், 35 எழுத்து, அஞ்சு சரிபார்ப்பு. கையால நிமிஷத்துக்கு இருபது வார்த்தைன்னா 700 வார்த்தைதான் இடம். அதுக்குள்ள நாலு பேர் வாதமும் ரெண்டு ரெண்டு சான்றும் அடங்கணும். முதல் பத்தியிலயே உங்க நிலைப்பாடு வந்துடணும். "சோழர் வரலாறு மிகத் தொன்மையானது"ன்னு ஆரம்பிச்சா நாப்பது வார்த்தை தண்டம்.

கேள்வி கொஞ்சம் திரும்பினா என்ன ஆகும்னும் பாருங்க. 'அரசின் தன்மை'க்குப் பதிலா நில உறவு பத்திக் கேட்டுட்டா? நோட்ஸ் பிள்ளை அரசு பத்தின விடையையே ஒட்டிட்டு வரும். படிச்ச பிள்ளைக்கு கராஷிமாவோட அல்லூர், ஈசானமங்கலம் ஒப்பீடு ஞாபகம் வரும்: பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஊர், வேளாளர் ஊரான அல்லூர்ல நிலம் ஊருக்குப் பொது, பிரமதேயமான ஈசானமங்கலத்துல தனியார் உடைமை. இந்த ஒரு சான்று முழு விடையையும் தூக்கி நிறுத்தும்.

ஆர்கேபுரம்
சரி, ஒண்ணை ஒத்துக்கறேன். டியூடோரியலுக்கு நோட்ஸ் உதவாது. சின்னக் குழு, ஆசிரியர் எதிர்லயே உட்கார்ந்து "எந்தப் பக்கத்துல சொல்றார்?"னு கேட்பார். அந்த 40 மார்க் அங்கதான் இருக்கு. இன்டர்னல் 30ல் டெஸ்ட் 12, அசைன்மென்ட் 12, வருகை 6. ஆனா எல்லாத் தலைப்பையும் கட்டுரையிலேர்ந்து படிக்கணும்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். தேர்வுக்கு வராத அலகுக்கு நல்ல பாடநூல் ஒரு அத்தியாயம் போதும். பழைய கேள்வித்தாளை முதல் வாரமே எடுத்து எந்த அலகு திரும்பத் திரும்ப வருதுன்னு குறிச்சாத்தான் அந்த எட்டுக் கட்டுரையையே தேர்ந்தெடுக்க முடியும்.

விஜய்நகர்
அதுல எனக்கும் மறுப்பில்ல. கேள்வித்தாள்தான் வரைபடம். அதை வெச்சு விடையை மனப்பாடம் பண்றதைத்தான் எதிர்க்கறேன்.

அசைன்மென்ட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. இப்ப நிறையப் பேர் சாட்ஜிபிடி கிட்ட எழுதி வாங்கறாங்க. இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் பக்க எண்ணும் சேர்த்து அது கற்பனையாக் குடுக்கும். அந்தத் துறையிலயே இருக்கற ஆசிரியருக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுடும். நேர்ல பார்க்காத எதையும் அடிக்குறிப்புல போடக் கூடாது.

மயூர்விஹார்_அம்மா
ரொம்ப உபயோகமா இருக்கு. இந்தக் கட்டுரைகளை எங்க எடுக்கறது? எல்லாத்துக்கும் புத்தகம் வாங்கினா கட்டுப்படியாகாது. ஜெராக்ஸ் போடறது தப்பில்லையா?

லோதிரோடு
வாங்க வேணாம்மா. காலேஜ் லைப்ரரியன் கிட்ட என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னூலகச் சேவை) பாஸ்வேர்ட் கேட்கச் சொல்லுங்க, வீட்லேர்ந்தே மின்னிதழ்கள் திறக்கும். ஆர்ட்ஸ் ஃபேக்கல்ட்டி பக்கத்துல மத்திய நூலகம் இருக்கு. ஜெராக்ஸ் பத்திக் கவலை வேண்டாம்: டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துல கோர்ஸ் பேக் (பாடக் கட்டுரைகளோட நகல் தொகுப்பு) போட்ட கடை மேல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012ல் வழக்குப் போட்டாங்க. பாடத்துக்காக நகல் எடுக்கறது காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவுல அனுமதிச்சதுதான்னு 2016ல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

மயூர்விஹார்_அம்மா
நன்றி சார். முதல் டியூடோரியல் வர்ற வியாழன். தலைப்பு ஹரப்பா நகரங்களின் வீழ்ச்சி. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

விஜய்நகர்
ஆரம்பிக்க நல்ல தலைப்பு. ரெண்டே பேர் போதும். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1947ல், மொஹெஞ்சதாரோவில கிடைச்ச எலும்புக்கூடுகளை வெச்சு ஆரியப் படையெடுப்பில நடந்த படுகொலைன்னு சொன்னார். இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964ல் மறுத்தார். டேல்ஸ் கட்டுரை சில பக்கம்தான். பென்சில்வேனியா அருங்காட்சியகத்தோட இதழ்ல வந்தது, இணையத்துல இலவசம், நடையும் எளிது. வேகம் கம்மியா இருக்கற பொண்ணுக்கு முதல் கட்டுரையா இதைவிட நல்லது கிடைக்காது.

படிக்கும்போது ஒரே கேள்வியை மனசுல வெச்சுக்கட்டும்: படுகொலை நடந்திருந்தா என்னென்ன கிடைச்சிருக்கணும், அதுல எது கிடைக்கலை? எரிஞ்ச கோட்டை இல்ல. ஆயுதத்தோட விழுந்த வீரர் உடல் இல்ல. எலும்புகள் எல்லாம் ஒரே காலத்து அடுக்கைச் சேர்ந்ததும் இல்ல. இந்த மூணையும் அவளே பக்கத்துல கண்டுபிடிச்சு, பக்க எண் குறிச்சு, நாலு கட்டத் தாளை நிரப்பட்டும். ஆறு, வெள்ளம், வறட்சின்னு மத்த காரணங்களை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

ஆர்கேபுரம்
புதன் ராத்திரி அதே தலைப்புல பழைய கேள்வி ஒண்ணை எடுத்து, கடிகாரம் வெச்சு, பேனாவால 45 நிமிஷம் எழுதச் சொல்லுங்க. டைப் பண்ண வேணாம். எழுதினதை டியூடோரியல்ல ஆசிரியர் கிட்டக் காட்டினா திருத்திக் குடுப்பாங்க.

மயூர்விஹார்_அம்மா
டேல்ஸ் கட்டுரை கிடைச்சுடுச்சு, பிரின்ட் போடறா. நாலு கட்டமும் தாள்ல கோடு போட்டாச்சு.