அவசரம்: பின் ஆக்சில் ஆபத்து என்று எம்ஓடியில் விழுத்திவிட்டார்கள், நானே மாற்றலாமா?

கரையோரம் | செவ்வாய், இரவு 11:42

வணக்கம். இன்றைக்கு கேம்பர் வானை வருஷாந்த எம்ஓடி பரிசோதனைக்குக் கொண்டுபோனேன், பின் ஆக்சில் ஆபத்து என்று எழுதித் தந்துவிட்டார்கள். மாற்ற 1,150 பவுண் கேட்கிறார்கள், அதுவும் சாமான் கிடைத்தால்தானாம். வண்டியையே நான் 4,000க்குத்தான் வாங்கினேன். அடுத்த வெள்ளி மனைவியோடு ஸ்கொட்லாந்து போக இடமெல்லாம் புக் பண்ணியாயிற்று. எங்கேயாவது பழைய ஆக்சில் வாங்கி நானே போடலாமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவசரம்.

வேலணையான் | செவ்வாய், இரவு 11:58

என்ன வண்டி தம்பி? எந்த வருஷம்? ஆக்சிலில் என்ன பிழை என்று எழுதியிருக்கிறார்கள்? அந்தத் தாளில் இருப்பதை அப்படியே இங்கே போடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | புதன், காலை 6:20

கறள்தான் (துரு) அண்ணை, வேறொன்றுமில்லை. இந்த நாட்டில் மாரி முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், அடியில் என்ன மிஞ்சும்? ஆக்சில் பிடித்திருக்கிற இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உள்ளே போனால் ஆக்சிலை மாற்றியும் பிரயோசனம் இல்லை, வெல்டிங்தான்.

மலையேறி | புதன், காலை 8:05

கேம்பர்களுக்கென்று அல்கோ கம்பனி செய்கிற சேசியா? அப்படியென்றால் பின் ஆக்சிலில் பெரும்பாலும் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனை) இருக்கும், 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். கேம்பர் வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு நிப்பிள் இருப்பதே தெரியாது. நீங்கள் அடித்தீர்களா?

ஸ்பானர் | புதன், காலை 9:31

மாதம் ஒருமுறை இதே கேள்வி. வண்டி பெயர் இல்லை, வருஷம் இல்லை, படம் இல்லை, ஆனால் அவசரம் மட்டும் இருக்கிறது. டாக்டரிடம் போய் "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு எங்கே என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பீர்களா? மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழகுக்கு இல்லை.

கரையோரம் | புதன், பகல் 1:14

மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். 2001 சிட்ரோயன் பெர்லிங்கோ வான், 1.9 டீசல், பின்னால் ஃபைபர் கூடு வைத்த சின்னக் கேம்பர், இரண்டு பேர் படுக்கலாம். அல்கோ இல்லை. தாளில் இருப்பது: பின் இடது சஸ்பென்ஷன் ஆர்ம் பெயரிங் மிகையாகத் தேய்ந்துள்ளது. பின் இடது டயர் உட்பக்கம் கம்பி வெளியே தெரிகிறது. ஓடும்போது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, ஸ்பீட் பம்பில் ஏறினால் மட்டும் பழைய கட்டில் மாதிரி கிறீச் என்று ஒரு சத்தம், அது உள்ளே இருக்கிற அலுமாரி என்று நினைத்தேன்.

வேலணையான் | புதன், பகல் 1:40

அலுமாரி இல்லை தம்பி, ஆக்சில்தான் கத்தியிருக்கிறது.

பெர்லிங்கோ, பெஜோ பார்ட்னர், பெஜோ 306 எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே குடும்பத்து ஆக்சில். குறுக்கே ஒரு தடித்த குழாய், இரண்டு முனையிலும் சில்லைப் பிடிக்கிற ஆர்ம். ஆர்மிலிருந்து ஒரு தண்டு குழாய்க்குள் போய் ஊசி பெயரிங்கில் சுழலும். சுருள் ஸ்பிரிங் கிடையாது, குழாய்க்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக டார்ஷன் பார் என்கிற எஃகுக் கம்பி இரண்டு, அவை முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். வயதாகும்போது ரப்பர் சீல் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் போகும், கிரீஸ் கழுவுப்படும். ஊசிகள் கறள் பிடித்துத் தண்டை அரம் மாதிரி அராவிவிடும். பிறகு சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயர் உள்விளிம்பில் மட்டும் தேயும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

நிச்சயப்படுத்த ஒரு வேலை செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டி, சில்லுக்கு நேரே கூட்டிலிருந்து தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எத்தனை மில்லிமீட்டர், கீழ் விளிம்புக்கு எத்தனை? இரண்டு பக்கமும் அளந்து சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | புதன், பகல் 2:02

சரி, கறள் என்று நான் சொன்னதும் பிழையில்லைத்தானே, உள்ளே இருக்கிற கறள். பழைய எம்ஓடி இன்னும் முடியவில்லையென்றால் டயரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்கொட்லாந்து போய்வாருங்கள் அண்ணை, வந்து ஆறுதலாகச் செய்யலாம்.

ஸ்பானர் | புதன், பகல் 2:10

இப்படி ஒரு அறிவுரையை எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? ஆபத்து என்று ஒரு வரி இருந்தாலே வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. பழைய எம்ஓடியில் எத்தனை நாள் மிச்சம் என்பது பேச்சே இல்லை. பிடிபட்டால் 2,500 பவுண் வரை அபராதம், லைசென்சில் 3 புள்ளி.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | புதன், பகல் 2:25

எனக்குத் தெரிந்த மூன்று பேர் அப்படி ஓடியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

கோவை_டு_ரெடிங் | புதன், பகல் 2:41

ஒன்றும் நடக்காதவர்கள்தான் வந்து சொல்வார்கள் ப்ரோ. அதை விடுங்க, ஆபத்து என்ற வரி எதற்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள். டயரில் கம்பி தெரிந்தால் அதுவே ஆபத்து வகைதான், 2018 மே மாதம் புது வகைப்பாடு வந்ததிலிருந்து அப்படி. பெயரிங் அதற்குக் கீழே உள்ள வகையில்கூட இருக்கலாம். அது தெரிந்தால் அண்ணன் வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கலாம். அப்புறம் ஒரு சந்தேகம், சில்லு என்றால் சக்கரமா? எங்க ஊரில் சில்லு என்றால் பாண்டி ஆடுற ஓட்டுத்துண்டு.

வேலணையான் | புதன், பகல் 3:03

சக்கரம்தான். எங்கள் ஊரில் வண்டிலுக்கும் சில்லு, சைக்கிளுக்கும் சில்லு.

மலையேறி | புதன், பகல் 3:15

எங்கள் அம்மம்மா தேங்காய்த் துண்டுக்கும் சில்லு என்றுதான் சொல்வார்.

ஸ்பானர் | புதன், பகல் 3:20

அருமை. ஆக்சில் இழை அகராதி இழையாகிவிட்டது.

கரையோரம் | புதன், இரவு 8:50

நூல் கட்டி அளந்தேன். இடது மேலே 31, கீழே 9. வலது மேலே 14, கீழே 9. ஆபத்து என்று இருப்பது டயருக்கு எதிரேதான், பெயரிங் அடுத்த வரியில் வேறு வகை, நான் சரியாக வாசிக்கவில்லை. ஸ்டெப்னி போட்டு, கராஜ்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒன்றரை மைல் மெதுவாக ஓட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். இப்போது பெயரிங் மட்டும் மாற்றினால் போதுமா? கிட் 60 பவுணுக்கு இருக்கிறது.

வேலணையான் | புதன், இரவு 9:22

வலது 5 மில்லிமீட்டர் சாய்வு, அது பரவாயில்லை. இடது 22. பெயரிங் மட்டும் போதும் என்கிற கட்டத்தை அது தாண்டிவிட்டது. தண்டு கட்டாயம் தேய்ந்திருக்கும், பெயரிங் உட்காருகிற குழாயின் வாயும் அகன்றிருந்தால் புதுப் பெயரிங் உள்ளே ஆடும். அதோடு டார்ஷன் பாரைக் கழற்றுவது சாதாரண வேலையில்லை, இருபது வருஷம் பல்லோடு பல் கறள் ஏறி இறுகியிருக்கும், ஸ்லைட் ஹாமர் போட்டு இழுத்தாலும் அசையாது. கழன்றாலும் அடையாளம் போடாமல் கழற்றினால் வண்டியின் உயரம் போய்விடும். பாரின் இரண்டு முனையிலும் பல் எண்ணிக்கை வேறு வேறு, நுணுக்கமாக உயரம் வைப்பதற்கே அப்படிச் செய்திருக்கிறார்கள். என் 306இல் ஒரு முழுச் சனிக்கிழமை அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ரீகண்டிஷன் (பழுதுபார்த்துப் புதுப்பித்த) ஆக்சில் ஒன்றுதான் வாங்கினேன்.

உங்களுக்கும் அதுதான் வழி. பழையதைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புக்காசு தருவார்கள்.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | புதன், இரவு 9:40

அண்ணை, ஸ்கிராப் யார்டில் 90 பவுணுக்கு ஒன்று இருக்கிறது, 2004 பெர்லிங்கோ, பின் சீட் உள்ள கார். இணைப்பு அனுப்பவா?

ஸ்பானர் | புதன், இரவு 9:44

வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | புதன், இரவு 9:45

ஏன் என்றும் சொல்லலாமே, நாங்களும் படிப்போம்.

ஸ்பானர் | புதன், இரவு 10:12

சரி, சொல்கிறேன். வான் 600 கிலோ, 800 கிலோ என்று இரண்டு பார அளவில் வந்தது. பாரத்துக்கு ஏற்ப டார்ஷன் பாரின் தடிப்பு மாறும். குடும்பக் காரின் ஆக்சிலை, கட்டில், அடுப்பு, தண்ணீர், காஸ் எல்லாம் எப்போதும் ஏற்றியிருக்கிற வண்டிக்குப் போட்டால் நாய் குந்தியிருக்கிற மாதிரி பின்னால் குந்தும். இதற்கு மேல், பின்னால் டிரம்மா டிஸ்கா, ஏபிஎஸ் வயர் உண்டா இல்லையா, பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஆக்சிலில் தொங்குகிறதா, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வண்டி எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மேலும் 90 பவுண் ஆக்சிலுக்கும் அதே வயது, அதே சீல், அதே உப்பு.

கோவை_டு_ரெடிங் | புதன், இரவு 10:30

காயலான் கடைச் சாமானைப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்! ஆனால் இதில் ஸ்பானர் அண்ணன் சொல்வது நியாயம்தான். போடும் முன் ஆர்மைப் பிடித்து ஆட்டிப் பார்க்க முடிந்தால் மட்டும் பழையது வாங்கலாம்.

மலையேறி | வியாழன், காலை 7:48

ஒருவரும் கேட்கவில்லை, கழிவுத் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? சின்னக் கேம்பர்களில் தரைக்கு அடியில் ஆக்சிலோடு ஒட்டித்தான் தொங்கவிட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஆக்சில் கீழே இறங்காது.

வேலணையான் | வியாழன், காலை 8:15

நல்ல கேள்வி, தங்கச்சி. கரையோரம், இன்னும் இரண்டு விஷயம். பிரேக் பைப் நட்டுகளில் இன்றைக்கே எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள், அப்படியும் பைப் முறுகி உடையும் என்றே வைத்துக்கொண்டு புதுப் பைப் வாங்கி வையுங்கள். மற்றது, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். பாடியின் கீழே உறுதியான இடத்தில் இரண்டு ஸ்டாண்ட், முன் சில்லுகளுக்குக் கட்டை. ஆக்சிலை இறக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும், தனியாகத் தொடவேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | சனி, இரவு 10:05

என்ன ஆயிற்று அண்ணை?

மலையேறி | அடுத்த வியாழன், இரவு 9:30

ஆள் ஸ்கொட்லாந்து போய்விட்டாரா?

கரையோரம் | திங்கள், இரவு 11:10

மன்னிக்கவும், நேரமே கிடைக்கவில்லை. வான் ரீகண்டிஷன் ஆக்சில் வாங்கி மச்சானும் நானும் போட்டோம். தொட்டி கழற்றவே ஒரு பகல் போனது, பிரேக் பைப் இரண்டும் உடைந்தது. எம்ஓடி பாஸ். ஸ்கொட்லாந்து போகவில்லை, இடத்துக்குக் கட்டிய காசும் போனது. இப்போது பின்பக்கம் முன்பைவிட உயர்ந்து நிற்கிறது, சிங்கில் தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் முன்பக்கம் தேங்குகிறது. எல்லோருக்கும் நன்றி.

வேலணையான் | திங்கள், இரவு 11:31

எவ்வளவு உயரம்? தண்ணீரும் காஸும் ஏற்றிவிட்டு அளந்தீர்களா, வெறும் வண்டியிலா? வாங்கியது 600ஆ 800ஆ?

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | செவ்வாய், காலை 6:40

பழைய ஆக்சிலைத் திருப்பி எடுத்தார்களா? வைப்புக்காசு எவ்வளவு?

வேலணையான் | ஞாயிறு, மாலை 5:02

தம்பி?