ஆபீசுக்கு ஏஇடி வாங்குவது பற்றி

கேள்வி: ஆபீசுக்கு ஏஇடி (இதயம் திடீரென நின்று விழுந்தவருக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்) வாங்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பயிற்சி இல்லாத ஆள் தப்பாக ஷாக் கொடுத்துவிட்டால்? எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1: அந்தப் பயமே வேண்டாம். விழுந்தவரின் மார்பில் பேடை (மெஷினோடு வரும் ஒட்டும் பட்டையை) ஒட்டியதும் மெஷினே இதயத் துடிப்பை ஆராய்ந்து, ஷாக் தேவைப்படும் அளவுக்குத் தாறுமாறாக இருந்தால் மட்டும்தான் சார்ஜ் ஆகும், இல்லையென்றால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பதில் 2: விலையை விட பேட், பேட்டரியின் காலாவதித் தேதி முக்கியம். பேடில் உள்ள ஜெல் காய்ந்துபோகும், பெரும்பாலும் 2 வருடத்தில் மாற்ற வேண்டிவரும், விற்பவர்கள் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

பதில் 3: அப்புறம், வாங்கி மேனேஜர் அறையில் பூட்டி வைத்துவிடாதீர்கள்! மெஷின் வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்த ஆள் வேண்டும், அதையும் நாலு பேருக்குப் பழக்குங்கள்.