எழுத்தின் அளவு யார் கையில்?

அல்சூர் வாசகர்:
நான் தினமும் படிக்கும் ஒரு தமிழ்த் தளம் போன வாரம் புது வடிவத்துக்கு மாறியது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. என் மகள் லேப்டாப் பிரவுசரில் எழுத்தளவை 22 என்று வைத்துத் தந்திருக்கிறாள். மற்ற தளங்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன, இது கட்டுப்படவில்லை. போனில் இரண்டு விரலால் விரித்தாலும் அசையவில்லை. கண்புரை அறுவை முடிந்த கண் எனக்கு. என் திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தளக்காரர் ஏன் முடிவு செய்கிறார்?

கோரமங்களா டிசைனர்:
சார், விரலால் விரிப்பதைத் தடுத்தது தப்புதான். அதற்காக எல்லாவற்றையும் படிப்பவரிடமே விட்டுவிட முடியாது. 'மீ'யின் சுழி மேலே ஏறும், 'பு', 'சு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் இரண்டு வரியும் முட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறோம். வேறு எழுத்துருவைத் திணித்தால் அந்த உழைப்பெல்லாம் வீண். ஒரு பத்திரிகைக்கு முகம் என்று ஒன்று உண்டு. அச்சுப் பத்திரிகையில் எழுத்தை மாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லையே?

ஜெயநகர் டெஸ்டர்:
அச்சில் அதற்கு வழியில்லை, அதனால் கேட்கவில்லை. வெப் அப்படி இல்லை. 1994-ல் ஹோகன் வியும் லீ என்பவர், பக்கத்தின் எழுத்து, நிறம் போன்ற தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் யோசனையை முன்வைத்தபோதே, எழுதுபவர் சொல்வதும் படிப்பவர் விரும்புவதும் சேர்ந்துதான் பக்கம் உருவாகும் என்று வைத்தார். 1996-ல் வந்த முதல் பதிப்பில், இருவரும் ஒன்றை 'முக்கியம்' என்று குறித்தால் தளக்காரர் சொன்னதே நின்றது. 1998-ல் இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கிப் படிப்பவர் பக்கம் கொண்டுவந்தது.

அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். பத்தி எழுத்து '14 பிக்சல்'. பிரவுசரின் இயல்பு அளவு 16. பெரியவர் அதை 22 ஆக்கியிருக்கிறார். படிப்பவர் பிரவுசரில் வைத்த அளவையே பின்பற்றும் 'ரெம்' அலகில் '1 ரெம்' என்று எழுதியிருந்தால் அவருக்கு 22-ல் வந்திருக்கும். மாறாத அளவான பிக்சலில் எழுதியதால் 14-லேயே நிற்கிறது. நிறம் 999999, அதாவது அந்த வெளிர் சாம்பலின் குறியீடு; வெள்ளையோடு அதன் ஒளி வேறுபாடு 2.85 மடங்குதான். எல்லாரும் படிக்கும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு பயணி:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? பிரவுசரில் கட்டுரையை மட்டும் தனியே காட்டும் ரீடர் மோடு போடுங்கள். பெங்களூரு மெட்ரோவில் மெஜஸ்டிக் போகும்வரை நான் கறுப்புப் பின்னணியில் அப்படித்தான் படிக்கிறேன்.

கோரமங்களா டிசைனர்:
ரீடர் மோடில் விளம்பரம் போய்விடும், எழுதினவருக்கு யார் காசு கொடுப்பது? பல சமயம் கட்டுரை நடுவே இருக்கும் அட்டவணையும் சேர்ந்து போகிறது. சார், கன்ட்ரோலும் ப்ளஸும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், பெரிதாகும்.

அல்சூர் வாசகர்:
அழுத்தினேன் தம்பி. ஓரத்து விளம்பரப் பட்டை கட்டுரை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் பத்திரிகையின் முகம் என்கிறீர்கள். எல்லாருக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்த் தளங்கள் எப்படி இருந்தன தெரியுமா? ஆளுக்கொரு எழுத்துரு, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் குறியேற்றமும் ஆளுக்கொன்று. அவர்கள் தரும் எழுத்துருவை இறக்கிப் போட்டால்தான் தமிழ் தெரியும். வேறு எதில் பார்த்தாலும் அர்த்தமில்லாத குறிகள்தான். பிடித்த எழுத்தில் படிப்பது அப்போது நடக்கவே நடக்காது. யூனிகோடு வந்த பிறகுதான் ஒரே கட்டுரையை நான் லதா எழுத்துருவிலும் படிக்கலாம், நோட்டோ எழுத்துருவிலும் படிக்கலாம் என்றானது. அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

கோரமங்களா டிசைனர்:
அளவைப் பூட்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளம். 'பதிவிறக்கம் செய்க' என்ற பட்டன் இரண்டு மடங்கானால் போனில் மூன்று வரியாகும். வாடிக்கையாளர் அதைப் பார்த்தால் ஒப்புதல் தரமாட்டார். எழுத்துருவும் நிறமும் எங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ஜெயநகர் டெஸ்டர்:
மூன்று வரி ஆகட்டுமே. பெட்டிக்கு நிலையான உயரம் வைக்காமல் எழுத்துக்கேற்ப வளரவிடுங்கள், உடையாது. 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் தொலையக் கூடாது என்பதும் அதே டபிள்யூசிஏஜி விதியில் இருக்கிறது. நிறத்தை உங்கள் கையில் விட்டால் 999999 வருகிறதே, அதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஐயா, ஆண்ட்ராய்டு குரோம் செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குள் போனால், தளம் தடுத்தாலும் விரிக்க அனுமதிக்கும் ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்யுங்கள்.

அல்சூர் வாசகர்:
செய்தேன் அம்மா, இப்போது விரிகிறது. ஆனால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். தம்பி, அந்த ரெம்மையே போடச் சொல்லுங்கள்.