மாயேபூர்ல ஏழு நாள், ரெண்டே பேர் - போரடிக்குமா?

கரும்புக்காடு_ராஜா:
வணக்கம் மக்களே. நாங்க காத்ர் போர்ன்ல இருக்கோம், எபென்ல வேலை, மொரிஷியஸ் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, தெற்குப் பக்கம் இன்னும் ஒழுங்கா பாக்கல (ஏர்போர்ட் போய்ட்டு வந்ததெல்லாம் கணக்குல சேராதுங்கறா வைஃப்). ஊர்லேந்து யார் வந்தாலும் கங்கா தலாவ், ஷாமரேல், கிராண்ட் பேன்னு ஒரே நாள்ல இழுத்துட்டு அலைஞ்சே எங்க லீவெல்லாம் போச்சு. ஆகஸ்ட் கடைசில கல்யாண நாள், இந்த வாட்டி யாரும் வரல, நாங்க ரெண்டு பேர் தான். அவ போட்ட ஒரே கண்டிஷன், ஒரே ஊர், ஒரு தடவ தான் பெட்டிய பிரிப்பேன், ரிசார்ட் வேணாம். அதான் மாயேபூர்ல கிச்சனோட ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன், செவ்வாய்க்கிழமை போய் அடுத்த திங்கட்கிழமை காலைல கிளம்பற மாதிரி.

எனக்கு என்ன பயம்னா மூணாம் நாளே ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல போன நோண்டிட்டு உக்காந்துருவோமோன்னு தான். கார் இல்ல. அவளுக்கு நீச்சல் தெரியாது. வெள்ளிக்கிழமை சைவம். போனவங்க சொல்லுங்க.

நீலக்கடல்77:
போர விடுங்க தம்பி, காத்த பத்தி யோசிச்சீங்களா? நாங்க போன வருஷம் ஜூலைல போனோம். இங்க ஜூன்லேந்து செப்டம்பர் வரைக்கும் தென்கிழக்குக் காத்து, அந்தக் கரை நேரா அதுக்கு மூஞ்சி குடுத்து நிக்குது. வடக்க கிராண்ட் பேல ஜம்முனு இருக்கற அதே நாள் இங்க பால்கனில வெச்ச டீக்கப்புல மணல் கிடக்கும். ராத்திரி பூரா ஜன்னல் ஷட்டர் டக்டக்னு அடிச்சுது, கடைசில என் வீட்டுக்காரர் பழைய பஸ் டிக்கெட்ட மடிச்சு இடுக்குல சொருகினப்புறம் தான் தூக்கமே வந்துது. தண்ணியும் 22, 23 டிகிரி தான், முட்டிக்கு மேல இறங்கவே இல்ல நானு.

இன்னொண்ணு, வீடு போட்டிருந்தவர் "பீச்சுக்கு அஞ்சு நிமிஷம்"னு எழுதியிருந்தாரு, அது கார்லங்கறத அங்க போனப்புறம் தான் சொன்னாரு. மாயேபூர் ஊருக்குள்ள குளிக்கற மாதிரி பீச்சே கிடையாது, கடல பாத்துட்டு நடக்கலாம், உக்காரலாம், அவ்ளோ தான். இறங்கணும்னா புவாந்த் தெஸ்னி இல்ல ப்ளூ பே போகணும். அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடி மேப்ல அளந்து பாருங்க.

இவ்ளோ சொன்னாலும் திரும்பப் போவோம், ஆனா அக்டோபர்ல.

சும்மா_சுத்துறவன்:
ஏழு நாள் ஜாஸ்தி ப்ரோ. நாலு நாள் போதும். கார் இல்லாம வேற போறீங்க.

ப்ளேன்மாஞ்ஞான்_பையன்:
மேல சொன்ன நண்பருக்கு, கார் இல்லாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது. நான் ஏர்போர்ட் பக்கத்துல குடியிருக்கேன், வாரம் ரெண்டு தடவ மாயேபூர் போறவன். காத்ர் போர்ன்லேந்து மெட்ரோல க்யூர்பீப், அங்கேந்து பஸ். மாயேபூர் பஸ் ஸ்டாண்டுலேந்து ப்ளூ பேக்கும் பஸ் இருக்கு. சாயங்காலத்துக்கு மேல பஸ் குறைஞ்சிடும், அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, இல்லாட்டி டாக்ஸிக்காரர் சொல்றது தான் ரேட்டு, ஏர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

நீச்சல் தெரியாட்டி ப்ளூ பேல அடில கண்ணாடி போட்ட படகு ஓடுது, மரைன் பார்க்குக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க, பவளமெல்லாம் உக்காந்த இடத்துலேந்தே பாக்கலாம். ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க, குடும்பம் குடும்பமா டென்ட்டு, பெரிய பெரிய பாத்திரம், ரவான் அடிச்சு சேகா ஆட்டம்னு கால் வெக்க இடம் இருக்காது. அதுவும் ஒரு ஜாலி தான், கல்யாண நாளுக்கு ஏத்தது இல்ல.

நான் விடாம போகச் சொல்றது இல் ஓ எக்ரெத். கரையிலேந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத குட்டித் தீவு, 26 ஹெக்டேர், கைடு கூட தான் நடக்கணும். 1990 வாக்குல காட்டுல மொத்தமே பத்து கிட்ட தான் மிச்சம் இருந்த ரோஸ் கலர் புறாவ அங்க விட்டு வளத்திருக்காங்க, நாங்க போனப்ப ஒண்ணு தலைக்கு மேல கிளைல உக்காந்துட்டு எங்கள மதிக்கவே இல்ல. இந்த ஊர் ஆமை இனம் எப்பவோ அழிஞ்சு போனதால அல்தாப்ரா ஆமையக் கொண்டாந்து விட்டிருக்காங்க, அது பழத்தத் தின்னுட்டு போற இடமெல்லாம் விதை போடுதாம், தோட்டக்காரன் வேலை. முன்னாடியே புக் பண்ணிடுங்க.

ஒரு நாள் சூயாக் பக்கம் க்ரி க்ரி போங்க. அங்க மட்டும் பவளத் திட்டு இல்லாததால அலை நேரா பாறைல வந்து மோதும். பாக்கறதோட நிறுத்திக்கோங்க, கால நனைக்கக்கூட இறங்க வேணாம்.

வில்நுவார்_தாத்தா:
வணக்கம். நான் இந்த நாட்டிலேயே பிறந்தவன், என் தமிழ் பள்ளிக்கூடத்துத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் செவ்வாய் வந்து திங்கள் காலை போகிறீர்கள். மாயேபூர் சந்தை பெரிதாகக் கூடுவதே திங்கட்கிழமைதான்! அதை விட்டுவிட்டு என்ன பார்ப்பீர்கள்? உங்கள் மனைவி அங்கே கீரைக்காரரிடம் "ப்ரேட் மூரூம்" என்று கேட்கட்டும். முருங்கைக்கீரை கட்டித் தருவார்கள். நம் முன்னோர் கொண்டுவந்த சொல், வாயில் உருண்டு இப்படி ஆயிற்று. எங்கள் வீட்டில் ரசமும் "ராசோங்" தான். வெள்ளிக்கிழமைக்கு தால் பூரி இருக்கிறது, கவலை வேண்டாம். காலையில் காத்தோ பிமான், மிளகாய் போட்ட பருப்பு வடைதான், வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் சூடாக வைத்து அழுத்தித் தருவார்கள், காகிதம் எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

ஆற்றுப் பாலம் தாண்டினால் எங்கள் வில் நுவார். 1870 முதல் ரோ குடும்பத்தார் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் செய்கிறார்கள், காய்ந்த கரும்புச் சோகையை எரித்து, சூட்டுத் தகட்டின் மேல். பார்க்க விடுவார்கள்.

ஆகஸ்டு என்பதால் ஒன்று. 1810 ஆகஸ்டில் எதிரே தெரியும் கடலில்தான் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டார்கள், பிரெஞ்சுக்காரர் வென்றார்கள் (டிசம்பரில் தீவையே இழந்தார்கள், அது வேறு கதை). காயம்பட்ட இரண்டு தளபதிகளையும் ஒரே வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அந்த வீடுதான் இப்போது மியூசியம். என் மனைவியோடு சண்டை வந்தால் அங்கே போய் உட்காருவேன்.

கரும்புக்காடு_ராஜா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அக்கா, அந்த வீட்ட மேப்ல அளந்தேன், ப்ளூ பே நடந்து போற தூரம் இல்ல தான், ஆனா பஸ் ஸ்டாண்ட் பக்கம், அதனால அதையே வெச்சுக்கறோம். அக்டோபருக்குத் தள்ளலாமான்னு கேட்டேன், கல்யாண நாள அக்டோபர்ல நடத்தச் சொல்றீங்களான்னு ஒரு பார்வை பாத்தா, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்து வெச்சாச்சு.

ஐயா எழுதினத சத்தமா படிச்சுக் காட்டினேன். முருங்கைக்கீரை வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு கேலண்டர எடுத்துட்டா. இப்ப ரெண்டு திங்கட்கிழமை வர்ற மாதிரி எட்டு நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.