ஜூன் கடைசியில் கென்ட், சசெக்ஸ் தோட்டங்கள்: எங்கே தங்கலாம், எதை எப்போது பார்க்கலாம்?

மகிழம்பூ:

வணக்கம். ஜூன் 22 திங்கள் முதல் 27 சனி வரை தென்கிழக்கு இங்கிலாந்துத் தோட்டங்களுக்கென்றே 5 இரவு ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேர். அம்மா, அப்பா இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சிசிங்ஹர்ஸ்ட், கிரேட் டிக்ஸ்டர் இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். லண்டனில் தங்கி தினமும் ரயிலில் போய்வரலாமா, அல்லது கிராமப்புறத்தில் பழைய வீட்டு ஓட்டலாகப் பார்த்து எடுக்கலாமா? கார் ஓட்டுவேன், இந்திய லைசென்ஸ்தான். அந்த நேரத்தில் ரோஜா இருக்குமா?

பதியன்:

லண்டனில் தங்காதீர்கள். ரயிலைவிட வெளிச்சம்தான் இதற்குக் காரணம். ஜூன் கடைசியில் கென்ட்டில் சூரியன் மறைய இரவு 9.15 ஆகிவிடும். தோட்டங்களோ மாலை 5, 5.30 மணிக்கே கதவைச் சாத்திவிடும். உச்சிவெயிலில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வெளிறித்தான் தெரியும். ஆறு மணிக்கு மேல்தான் நிறம் கூடும், வாசனையும் எழும். அந்த மூன்று மணி நேரம் கிடைக்க ஒரே வழி, தனக்கென்று நல்ல தோட்டம் வைத்திருக்கும் விடுதியில் தங்குவதுதான். அறை எத்தனை பெரிது என்று கேட்பதற்கு முன், சாயங்காலம் தோட்டத்தில் எத்தனை மணி வரை நடக்கலாம் என்று கேளுங்கள்.

இதற்கு அந்தப் பக்கத்தில் கிரேவ்டை மேனரை விஞ்ச ஆளில்லை. மேற்கு சசெக்ஸில், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. 1598ல் கட்டிய கல்வீடு. தோட்டக்கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் ராபின்சன் 1884ல் இதை வாங்கி, 1935ல் இறக்கும் வரை இங்கேயே தோட்டம் போட்டார். கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த செடிகளைக் கம்பள விரிப்புப்போல வரிசையாக நட்டு, சீசன் முடிந்ததும் பிடுங்கி எறிவது அன்றைய விக்டோரிய வழக்கம். அதை அவர் கடுமையாக எதிர்த்தார். குளிரைத் தாங்கும் பல்லாண்டுச் செடிகள், புல்லுக்குள் தானாகப் பரவும் கிழங்குப் பூக்கள் என்று இன்று நாம் 'இங்கிலீஷ் தோட்டம்' என நினைப்பதில் பாதி இவர் பிடிவாதத்தால் வந்தது. 1958லிருந்து ஓட்டலாக நடக்கிறது. டிக்கெட் வாங்கிச் சுற்றும் தோட்டம் இல்லை இது. தங்குபவர்களுக்கும் சாப்பிட வருபவர்களுக்கும்தான் திறப்பு. வாடகை அதிகம். ஒரு இரவுக்குக்கூடக் கட்டுப்படியாகாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்யுங்கள், தோட்டமும் சேர்ந்து கிடைக்கும். முட்டை வடிவ மதில் சுற்றிய காய்கறித் தோட்டத்தைத் தவறவிடக்கூடாது. தெற்குச் சரிவில் இருப்பதால் மதில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கக்கும். அதனால்தான் அங்கே பழங்கள் முந்திப் பழுக்கின்றன.

ஐந்து இரவையும் ஒரே இடத்தில் போடாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இரவு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் பக்கம், அடுத்த மூன்று இரவு கென்ட்டில் சிசிங்ஹர்ஸ்டுக்கு அருகே உள்ள கிரான்புரூக், டென்டர்டன் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். லண்டனிலிருந்து கேட்விக் விமான நிலையம் வரை ரயிலில் போய் அங்கே வாடகைக் காரை எடுத்தால் நகர நெரிசலும் மத்திய லண்டன் நெரிசல் கட்டணமும் இல்லை.

திங்களன்று கிரேட் டிக்ஸ்டர் மூடியிருக்கும் (பொது விடுமுறைத் திங்கள் மட்டும் விதிவிலக்கு). வெளியூரிலிருந்து வந்து கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆகவே திங்கள் கேட்விக்கிலிருந்து நேரே நைமன்ஸ். அரை மணிக்குள் போய்விடலாம், தரையும் பெரும்பாலும் சமதளம், அம்மாவுக்கு நல்ல தொடக்கம். 1947 தீவிபத்தில் இடிந்த பெரிய வீட்டின் சுவர்களையே பின்னணியாக்கிய தோட்டம் அது. செவ்வாய் வேக்ஹர்ஸ்ட். மாளிகையைச் சுற்றிய மேல்பகுதியோடு நின்றுகொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் திரும்பி ஏறவேண்டும். புதன் இடம் மாறும் வழியில் ஸ்காட்னி கேஸில். வியாழன் டிக்ஸ்டர். வெள்ளி சிசிங்ஹர்ஸ்ட்.

ரோஜா விஷயம். உங்கள் தேதி சரியான தேதி, ஆனால் விளிம்பில் இருக்கிறது. சிசிங்ஹர்ஸ்ட் ரோஜாக்களில் பெரும்பகுதி பழைய வகைகள்: காலிகா, ஆல்பா, டமாஸ்க். ஆண்டுக்கு ஒரே தடவை பூத்து முடிந்துவிடும். ஜூன் நடுவில் உச்சம். மே மாதம் சூடாக இருந்தால் 10 நாள் முந்தும். 22க்குப் பின் போகும்போது சில செடிகள் உதிர்ந்திருக்கும். ஆனால் வெள்ளைப் பூக்களுக்கென்றே அமைத்த 'வெள்ளைத் தோட்டத்தின்' நடுவில் இரும்பு வளைவின்மேல் படர்ந்திருக்கும் ரோசா மல்லிகானி என்ற கொடி ரோஜா ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில்தான் திறக்கும். அது உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அங்கே பூவைப் பார்ப்பதோடு நிற்காமல் செடி கட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சிகளை வில்லாக வளைத்து மண்ணில் ஊன்றி, நீண்ட ரோஜாக் கிளைகளை அதன்மேல் வளைத்துக் கட்டியிருப்பார்கள். கிளை நிமிர்ந்து நின்றால் நுனி மொட்டுதான் பலத்தை எடுத்துக்கொள்ளும். வளைத்துக் கட்டினால் வழியில் உள்ள கணுக்கள் எல்லாம் துளிர்த்துப் பூக்கும். நம் மாடித்தோட்டத்து நீளக்கிளை ரோஜாவுக்கும் இதே வித்தை எடுபடும்.

டிக்ஸ்டரில் ரோஜாவைத் தேடாதீர்கள். அந்த வீட்டுக்காரரும் தோட்டக்கலை எழுத்தாளருமான கிறிஸ்டோபர் லாயிட் 1990களில் ரோஜாத் தோட்டத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழையும் கல்வாழையும் டாலியாவும் நட்டார். அந்தப் பகுதி ஆகஸ்ட், செப்டம்பரில்தான் நிறைவாக இருக்கும். ஜூனில் அங்கே பார்க்க வேண்டியது லாங் பார்டர் என்ற நீளமான பூப்பாத்தியும், வாசலிலேயே தொடங்கும் புல்வெளியும். வெட்டாத புல்லைப் பார்த்துப் பராமரிப்பில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. விதை கொட்டும்வரை, ஆகஸ்ட் வரை, வேண்டுமென்றே விட்டிருப்பது அது. குனிந்து பார்த்தால் புள்ளியிட்ட காட்டு ஆர்க்கிட்கள் தெரியும்.

நாலுகட்டு:

பதியன் சொன்னதோடு தங்குமிடத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். பழைய வீட்டு ஓட்டல்களில் லிப்ட் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் சுவரை இடித்து லிப்ட் வைக்க அனுமதி கிடைப்பது கடினம். மாடிப்படி குறுகல், சில இடங்களில் கைப்பிடி ஒரு பக்கம்தான். அம்மாவுக்குத் தரைத்தள அறை கேளுங்கள். பழைய குதிரை லாயத்தை மாற்றிய பின்கட்டு அறைகள் பெரும்பாலும் தரைத்தளம்தான். தோட்டப் பார்வை குறையலாம், பரவாயில்லை.

அதைவிட முக்கியம் குளியலறை. பல இடங்களில் ஷவர், குளியல் தொட்டிக்கு மேலே இருக்கும். முழங்காலுக்கு மேல் உயரமுள்ள தொட்டி விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும், ஈரத்தில் இறங்க வேண்டும். மாடிப்படியைவிட ஆபத்து அதுதான். 'வாக்-இன் ஷவர்' உள்ள அறை என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். அப்பா அம்மாவுக்குத் தனித்தனிக் கட்டில் வேண்டுமானால் 'ட்வின்', ஒரே கட்டில் என்றால் 'டபுள்'. ஏசி இருக்காது.

கென்ட்டில் ஓஸ்ட் ஹவுஸ் என்று கூம்புக்கூரை வீடுகள் நிறைய. பீருக்கான ஹாப்ஸ் உலர்த்திய சூளைகள். இப்போது பல தங்கும் விடுதிகள். படத்தில் வட்ட அறை அழகாக இருக்கும், ஆனால் அந்த அறை பெரும்பாலும் செங்குத்தான படிக்கு மேலே. உங்களுக்கு வேண்டாம்.

சாப்பாடு. 'வெஜிடேரியன்' என்றால் அங்கே முட்டை அடக்கம். அதனால் 'வீகன், ஆனால் பால், வெண்ணெய், தயிர் சாப்பிடுவார்கள்' என்று பதிவின்போதே எழுதுங்கள். இந்த வரி சமையலறைக்கு உடனே புரியும். ஏமாறும் இடங்கள் இவை: சூப்பில் கோழிச்சாறு, பார்மேசன் சீஸ், அதில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் உண்டு, புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை, சில சைவ சாசேஜ்களில் முட்டை வெள்ளைக்கரு, குளிரவைத்த கிரீம் இனிப்பில் ஜெலட்டின். தோட்டத்து டீக்கடையில் கிடைக்கும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியின் மேல் பளபளப்பு பெரும்பாலும் முட்டைப் பூச்சு. கேக்கில் முட்டை இருக்கும், கேட்கவே வேண்டாம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட் நம்பகமானவை.

கிராமத்து பப் சமையலறை இரவு 8.30, 9 மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல இடங்களில் சமையலே கிடையாது. நீங்கள் வருவது திங்கள், அன்றைய இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

நான்கு பேர் என்பதால் அடுத்த மூன்று இரவுக்குச் சமையலறையுள்ள வீடு எடுப்பதே என் தேர்வு. சிசிங்ஹர்ஸ்டில் வெள்ளைத் தோட்டத்தின் ஓரத்திலேயே நிற்கும் ப்ரீஸ்ட்ஸ் ஹவுஸை நேஷனல் டிரஸ்ட் (பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கும் அறக்கட்டளை) வாடகைக்கு விடுகிறது. வெகு முன்னதாகப் பதிவாகிவிடும். கிடைத்தால் படுக்கையறைகள் எந்தத் தளத்தில் என்று பார்த்துவிட்டு எடுங்கள். பூட்டிய பிறகு தோட்டத்தில் நடக்கும் விதி என்ன என்றும் கேளுங்கள்.

மகிழம்பூ:

மிக்க நன்றி. ஷவர் விஷயம் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். ஸ்காட்னியில் ஏற்றம் உண்டா? கிராமச் சாலைகள் எப்படி?

பதியன்:

ஸ்காட்னியில் புதிய வீடு மேட்டில், அகழி சூழ்ந்த பழைய கோட்டை பள்ளத்தில். இடையே செங்குத்துச் சரிவு. அம்மாவை மேலே, வீட்டுப் பக்கத்திலேயே உட்காரவைக்கலாம்; இடிந்த கோட்டையும் நீரும் அங்கிருந்தே தெரியும். அல்லது ஸ்காட்னியை விட்டுவிட்டு ஷெஃபீல்ட் பார்க் போங்கள். ஏரிக்கரைப் பாதைகள் பெரும்பாலும் சமதளம், அந்த மாதம் அல்லி பூத்திருக்கும். மே மாதம் வருகிறவர்கள் அங்கே ரோடோடென்ட்ரானுக்காகப் போவார்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்போமே, அதன் உறவுகள். சிசிங்ஹர்ஸ்டில் கோபுரத்துக்கு 78 படி, அம்மா கீழேயே இருக்கட்டும். டிக்ஸ்டரில் பாவுகல் மேடுபள்ளம், கைத்தடி அவசியம்.

இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். இடப்பக்க ஓட்டம்தான். சிக்கல் என்னவென்றால், வழிகாட்டிச் செயலி மிகக் குறுகிய தூரத்தைத் தேடி ஒற்றைவண்டிச் சந்துகளில் இறக்கிவிடும். இரு பக்கமும் ஆளுயர வேலி, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் ஓட்ட வேண்டியவர் அதற்கு அருகில் இருப்பவர். அதனால் சின்ன கார், ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். 60 மைல் வேக வரம்பு என்றாலும் அந்தச் சாலைகளில் 30க்கு மேல் போகாதீர்கள். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி.

செவ்வந்தி:

ஒரு சேர்க்கை. நேஷனல் கார்டன் ஸ்கீம் 1927ல் தொடங்கியது. தனியார் வீட்டுத் தோட்டங்களை ஆண்டில் சில நாள் மட்டும் திறப்பார்கள், வசூல் செவிலியர் அறக்கட்டளைகளுக்குப் போகும். மஞ்சள் அட்டைப் பலகை தெரிந்தால் திரும்பிவிடுங்கள். சனி, ஞாயிறு பிற்பகல்தான் அதிகம், நீங்கள் சனியன்று திரும்பும் வழியில் ஒன்று அமையலாம். வீட்டுக்காரரே செடிக்கு அருகில் நிற்பார், அந்த மண்ணில் எது பிழைத்தது, எது செத்தது என்று நேரே கேட்கலாம். பெரிய தோட்டங்களில் அது கிடைக்காது.

டிக்ஸ்டர் நர்சரியில் கை நீளும். செடியோ விதையோ இந்தியாவுக்குக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல். செடிப்பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள், இங்கே எது வளரும் என்று பேசலாம். உயரப் புல்லில் நடந்தால் முழுக்கால்சட்டை போடுங்கள், மாலையில் கணுக்கால், முழங்கால் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.