கம்பு நேப்பியர் புல்லில் கம்பு எங்கே போச்சு?

படுகைக்காரி, அணைக்கரை:
கொள்ளிடப் படுகையில் 20 சென்ட்டில் கோ-4ங்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல் போட்டிருக்கேன், நாலு மாட்டுக்கு. தாய் கோ-8 கம்பு, தகப்பன் நேப்பியர்ங்கிற யானைப்புல்னு கரணை (நடுற தண்டுத் துண்டு) வாங்கினப்போ சொன்னாங்க. எங்கம்மா ஊர் அரியலூர் பக்கம். கம்பு அறுத்து வளர்ந்தவ நான், கம்பந்தட்டை எனக்குத் தெரியும். ஒரு அறுப்போட அது முடிஞ்சிடும். இந்தப் புல்லோ வெட்ட வெட்டத் துளிர்த்து ஆளுயரம் தாண்டுது. போன வாரம் முத்தின கதிர் ஒண்ணை உள்ளங்கையில் வச்சுக் கசக்கினேன். வெறும் உமி, ஒரு மணி இல்லை. தாய் பாதி, தகப்பன் பாதின்னா தகப்பன் மட்டும் ஏன் இப்படி ஓங்கி நிக்குது? போகப்போகக் கம்பு இன்னும் கரைஞ்சிடுமா? கரணையை மாத்தணுமா?

நாற்றங்கால், தஞ்சாவூர்:
அக்கா, பாதிக்குப் பாதியே இல்லை. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. ஆளுக்குப் பாதி கொடுத்தா 7, 14. ஆக 21. மூணில் ரெண்டு பங்கு நேப்பியர். அந்த 14லயும் ஒரு 7 கம்புக்கு நெருங்கின சொந்தம், அதோட ஜோடி சேரும். மிச்ச 7 துணையில்லாம நிக்கும். அதனால மகரந்தமும் சூலும் சரியா உருவாகாது, நீங்க கசக்கின கதிர்ல மணி இல்லாதது அதனாலதான். கரையும்னு பயப்படாதீங்க. கரணையில வர்றது அதே செடிதான், விதை வழியா வந்தாத்தானே கலைஞ்சு மாறும்.

ஆலைக்கரும்பு, பாபநாசம்:
எங்க கரும்பும் இதே கதைதாம்மா. கரும்பு ஆராய்ச்சியாளருங்க பார்பரும் வெங்கட்ராமனும் கோயம்புத்தூர்ல தடித்த இனிப்புக் கரும்பை நாணலோட சேர்த்து கோ-205ங்கிற ரகத்தை எடுத்தாங்க, 1912ல சேர்த்தது. அப்படிச் சேர்க்கும்போது தாய்க்கரும்பு பாதியைக் கொடுக்காம தன் 80 குரோமோசோமையும் அப்படியே கொடுத்துடும். பிறகும் இனிப்புக் கரும்போடயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால இன்னைக்கு வயல்ல நிக்கிற கரும்புல நாணல் பங்கு ரொம்பக் குறைச்சல். ஆனா வெட்டின கட்டையிலேர்ந்து கரும்பு திரும்பத் தழைக்கிறதும், நோய் தாங்குறதும் அந்தக் கொஞ்சத்துலதான் இருக்கு.

நாற்றங்கால், தஞ்சாவூர்:
ஐயா சொன்னது எண்ணிக்கையோட வலு. எண்ணிக்கை சமமா இருந்தாலும் ஒரு பக்கம் ஓங்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மரபணுக்களுக்கு நடுவுல இடம்விட்டு இடம் தாவுற துண்டுகள் இருக்கு. அதுங்க ஆடாம இருக்க செடி அது மேல மெத்தில்ங்கிற வேதிப்பொருளை ஒட்டிப் பூட்டுப் போடும். பூட்டு பக்கத்து மரபணுவையும் கொஞ்சம் அமுக்கிடும். யார் பக்கம் இந்தத் துண்டு குறைவோ அவங்க மரபணு கூடுதலா வேலை செய்யும், இப்போ பெரும்பாலும் சொல்ற காரணம் இதுதான். மக்காச்சோளத்துல பல பத்து லட்சம் வருஷம் முன்னாடி ரெண்டு முன்னோர் ஒண்ணாச் சேர்ந்தாங்க. அமுங்கின பக்கம்தான் பிறகு மரபணுவை அதிகமா இழந்துச்சு. கோதுமையிலயோ மூணு பேர் சேர்ந்தும் யாரும் ஒட்டுமொத்தமா ஓங்கலை. அதனால உயரத்தையும் தூரையும் மட்டும் பார்த்து நேப்பியர் ஜெயிச்சதுன்னு முடிவு கட்டாதீங்க அக்கா. வெயிலை வாங்கிச் சாப்பாடு ஆக்குற பச்சைத் துணுக்கு, அதாவது பசுங்கணிகம், புல்லினங்கள்ல பொதுவா தாய்வழிதான் வரும். இலையில வெயிலை வாங்குறது உங்க கம்புதான்.

படுகைக்காரி, அணைக்கரை:
தம்பி, இதைப் படிச்சிட்டு விடிகாலையில போய் ஒரு இலையைக் கிழிச்சுப் பார்த்தேன். கரணையை மாத்தலை. அம்மா ஊர்லேர்ந்து ஒரு பிடி கம்பு வாங்கிவந்து வரப்போரமா விதைக்கப்போறேன், பிள்ளைக்குப் பக்கத்துலயே தாயும் நிக்கட்டும். 45வது நாள் அறுப்புல ரெண்டையும் சேர்த்து வச்சு, கணு, மயிர், இலை விளிம்புன்னு பார்த்துட்டு எழுதுறேன்.